ஹாங்காங் சீனாவா, தனியா? கேட்பது யார் என்பதைப் பொறுத்தது

2025 ஏப்ரலில் ஹாங்காங் அஞ்சல் துறை, அமெரிக்காவுக்குப் போகும் சரக்குப் பார்சல்களை வாங்குவதை நிறுத்தியது. சீனப் பொருட்கள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி ஹாங்காங்கிலிருந்து வரும் பார்சலுக்கும் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். அந்த வரியை அமெரிக்காவுக்காக வசூலித்துத் தர மாட்டோம் என்றது அஞ்சல் துறை. இந்தச் செய்தியைப் படித்த பலருக்கும் ஒரே குழப்பம்தான். ஹாங்காங் சீனாவின் ஒரு பகுதி என்றால் அதற்குத் தனி அஞ்சல் துறை ஏன்? தனி இடம் என்றால் சீனாவுக்கான வரி அதன் தலையில் ஏன் விழுகிறது?

இதே குழப்பம் சின்ன அளவில் சென்னை ரிச்சி தெருவிலும் உண்டு. பவர் பேங்க் இறக்குமதி செய்கிற வியாபாரியின் கையில் இருக்கும் இன்வாய்ஸில் ஹாங்காங் கம்பெனியின் பெயர். பணம் போவது ஹாங்காங் வங்கிக்கு. சரக்கு கப்பல் ஏறுவதோ ஷென்ஜென் துறைமுகத்தில், பெட்டி மேல் "மேட் இன் சைனா". இவர் யாரோடு வியாபாரம் செய்கிறார்? தகராறு வந்தால் எந்த ஊர்ச் சட்டம்?

ஹாங்காங் பற்றிச் சீனா சொல்லும் "ஒரே நாடு, இரண்டு அமைப்பு முறை" என்ற வாசகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. அடியிலிருந்து பார்ப்போம்.

பாதித் தன்னாட்சி என்றால் என்ன

ஒரு நாட்டின் இறையாண்மைக்குக் கீழ் இருந்துகொண்டே, தனக்கென்று சட்டம், வரி, நிர்வாகம் வைத்திருக்கும் பகுதியைப் பாதித் தன்னாட்சிப் பகுதி என்கிறோம். ராணுவமும் வெளியுறவும் தாய்நாட்டின் கையில் இருக்கும், மற்றதில் பெரும்பகுதி உள்ளூரில் இருக்கும். டென்மார்க்குக் கிரீன்லாந்து அப்படி. சீனாவுக்கு ஹாங்காங்கும் மக்காவும்.

இதை நம் மாநிலத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று புரியும். தமிழ்நாட்டுக்குத் தனி நாணயம் கிடையாது, தனிச் சுங்கம் கிடையாது, மேல்முறையீடு கடைசியில் டெல்லிக்குத்தான் போகிறது. ஹாங்காங்குக்குத் தனி நாணயமும் தனிச் சுங்கமும் தன் சொந்த இறுதி நீதிமன்றமும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டு மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றலாம். ஹாங்காங்கின் தலைமை நிர்வாகியை ஒரு தேர்தல் குழு தேர்ந்தெடுக்கும், பெய்ஜிங் நியமிக்கும். அங்கே தன்னாட்சி என்பது வியாபாரத்தில் தாராளம், அரசியலில் சிக்கனம்.

இது இப்படி அமைந்ததற்கு வரலாறுதான் காரணம். ஹாங்காங் தீவு 1842-லும் கவ்லூன் 1860-லும் பிரிட்டன் கைக்குப் போயின. 1898-இல் புதிய பிரதேசங்கள் என்ற பகுதியை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். அந்தக் குத்தகை முடியும் 1997-ஐ வைத்துத்தான் 1984-இல் பிரிட்டனும் சீனாவும் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. 1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் கைமாறியது.

எழுத்தில் இருப்பது

கைமாறிய ஹாங்காங்கை எப்படி நடத்த வேண்டும் என்று சீன நாடாளுமன்றம் 1990-இல் இயற்றியதுதான் அடிப்படைச் சட்டம். வியாபாரம் செய்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள் இவை:

1. 5-ஆம் பிரிவு: முதலாளித்துவ முறையும் வாழ்க்கை முறையும் 50 ஆண்டுகளுக்கு மாறாது.
2. 8-ஆம் பிரிவு: பிரிட்டிஷ் காலத்துப் பொதுச் சட்ட முறை தொடரும். பொதுச் சட்டம் என்பது முந்தைய தீர்ப்புகளையே சட்டமாக மதிக்கும் முறை. இந்தியாவும் இலங்கையும் மலேசியாவும் பழகியது. சீனப் பெருநிலத்தில், அதாவது ஹாங்காங்கும் மக்காவும் நீங்கலான சீனாவில், எழுதப்பட்ட சட்டத் தொகுப்புக்கே முதலிடம். அங்கே குடிமைச் சட்டத் தொகுப்பு 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது.
3. 18-ஆம் பிரிவு: சீனாவின் தேசியச் சட்டம் எதுவும் தானாக ஹாங்காங்குக்குள் வராது. மூன்றாம் இணைப்பில் சேர்த்தால்தான் வரும்.
4. 82-ஆம் பிரிவு: வழக்கின் இறுதித் தீர்ப்பு ஹாங்காங்கிலேயே. வெளிநாட்டுப் பொதுச் சட்ட நீதிபதிகளையும் அழைக்கலாம்.
5. 106-ஆம் பிரிவு: வசூலிக்கும் வரியில் ஒரு காசு கூடப் பெய்ஜிங்குக்குப் போக வேண்டியதில்லை.
6. 116-ஆம் பிரிவு: ஹாங்காங் ஒரு தனிச் சுங்கப் பிரதேசம்.
7. 158-ஆம் பிரிவு: இந்தச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் சீன நாடாளுமன்றத்தின் நிலைக்குழுவுக்கு.

முதல் ஆறையும் படித்தால் இது கிட்டத்தட்டத் தனி நாடு என்று தோன்றும். ஏழாவதுதான் சாவி. அதற்குப் பிறகு வருகிறேன்.

பணமும் வரியும்: சுவர் உயரமாக இருக்கும் இடம்

ஹாங்காங் டாலர் 1983 முதல் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்ட நாணயம். ஒரு அமெரிக்க டாலருக்கு 7.80, அதிலிருந்து 5 காசு மேலேயோ கீழேயோ மட்டும் அசையலாம். நோட்டுகளில் பெரும்பாலானவற்றை அச்சிட்டு வெளியிடுவது அரசு கூட இல்லை, எச்எஸ்பிசி, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், பேங்க் ஆஃப் சைனா (ஹாங்காங்) என்ற மூன்று வங்கிகள். அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றினால் ஹாங்காங்கில் வீட்டுக் கடன் வட்டி ஏறும். அரசியலில் பெய்ஜிங், வட்டியில் வாஷிங்டன் என்ற விசித்திரம் 40 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது.

பெருநிலத்தில் யுவானுக்குக் கடிவாளம் உண்டு. தனிநபர் ஒருவர் ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலருக்குச் சமமான தொகையைத்தான் அந்நியச் செலாவணியாக மாற்றலாம். ஹாங்காங்கில் அப்படி எந்தத் தடையும் இல்லை. எத்தனை கோடி வேண்டுமானாலும் கொண்டுவரலாம், கொண்டுபோகலாம். இந்த ஒரு வேறுபாடுதான் ஹாங்காங்கின் பிழைப்பு என்றே சொல்லலாம். உலகத்தின் பணம் சீனாவுக்குள் நுழையவும் சீனாவின் பணம் வெளியே வரவும் நடுவில் ஒரு கதவு வேண்டும். ஷாங்காய் பங்குச் சந்தையையும் ஹாங்காங் பங்குச் சந்தையையும் 2014 நவம்பரில் இணைத்தபோது கூட, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்துத்தான் இணைத்தார்கள். இரண்டும் ஒரே நாட்டுச் சந்தைகள் என்றால் வரம்பு எதற்கு?

வரியிலும் இடைவெளி பெரியது. ஹாங்காங்கில் கம்பெனியின் முதல் 20 லட்சம் ஹாங்காங் டாலர் லாபத்துக்கு 8.25%, அதற்கு மேல் 16.5%. ஜிஎஸ்டி மாதிரியான விற்பனை வரி இல்லை, பங்காதாயத்துக்கு வரிப் பிடித்தம் இல்லை. அங்கே சம்பாதித்த லாபத்துக்கு மட்டும்தான் வரி என்பது அடிப்படை விதி. ஹாங்காங்கில் கம்பெனி வைத்துக்கொண்டு வெளியில் சம்பாதித்ததை விட்டுவிடுவார்கள் என்பது ஒரு காலம். 2023 முதல் பன்னாட்டுக் குழுமங்களின் வட்டி, பங்காதாய வருமானத்துக்கு விதிகளை இறுக்கியிருக்கிறார்கள். பெருநிலத்தில் கம்பெனி வரி 25%. மதிப்புக் கூட்டு வரி பொருளைப் பொறுத்து 13, 9, 6 சதவீதம். தனிநபர் வருமான வரி 45% வரை ஏறும்.

சுங்கமும் அப்படியே. ஹாங்காங்கில் மது, புகையிலை, எரிபொருள் எண்ணெய், மெத்தில் ஆல்கஹால் தவிர எதற்கும் இறக்குமதியில் வரி இல்லை. ஷென்ஜென்னிலிருந்து ஒரு லாரி ஆற்றைத் தாண்டி ஹாங்காங்குக்குள் வந்தால் சீனக் கணக்கில் அது ஏற்றுமதி. ஒரே நாட்டுக்குள் ஏற்றுமதி! உலக வர்த்தக அமைப்பில் ஹாங்காங் 1995-லேயே நிறுவன உறுப்பினர். தாய்நாடான சீனா சேர்ந்தது 2001-இல்தான்.

கம்பெனி: கையெழுத்தா, முத்திரையா

சீனாவில் வியாபாரம் செய்யப் போகிறவர்கள் அதிகம் சறுக்குவது வரியில் இல்லை, இங்கேதான்.

ஹாங்காங் கம்பெனி நம் ஊர்க் கம்பெனி மாதிரி. இயக்குநர் குழு தீர்மானம் போடும், அதிகாரம் பெற்றவர் கையெழுத்துப் போடுவார், கதை முடிந்தது. கம்பெனி முத்திரை அங்கே கட்டாயமில்லை. இந்தியாவிலும் 2015 திருத்தத்துக்குப் பிறகு கட்டாயமில்லை. குறைந்தபட்ச முதலீடு என்றும் ஒன்று இல்லை, ஒரு டாலர் முதலோடு கம்பெனி தொடங்கலாம்.

பெருநிலத்தில் மூன்று விஷயங்கள் வேறு:

1. ஒவ்வொரு கம்பெனிக்கும் "சட்டப் பிரதிநிதி" என்று ஒருவர் பதிவாகியிருப்பார். அவர் செய்தது கம்பெனி செய்தது.
2. காவல் துறையிடம் பதிவு செய்த வட்டமான சிவப்பு முத்திரை உண்டு. அது விழுந்த ஒப்பந்தம் பொதுவாகக் கம்பெனியைக் கட்டும். முத்திரையை வைத்திருப்பவர் கையில் கம்பெனி.
3. வணிக உரிமத்தில் எந்தத் தொழில் என்று எழுதியிருக்கும். வெளிநாட்டு முதலீட்டுக்குத் தடையும் கட்டுப்பாடும் உள்ள துறைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. புதிய கம்பெனிச் சட்டம் 2024 ஜூலை 1-இல் வந்த பிறகு, பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனியில் ஒப்புக்கொண்ட முதலை ஐந்து ஆண்டுக்குள் கட்டியாக வேண்டும்.

முத்திரை விஷயத்தை வேடிக்கையாக நினைப்பவர்களுக்கு ஆர்ம் சைனா கதை போதும். சிப் வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்தின் சீனக் கூட்டு நிறுவனம் அது. 2020 ஜூனில் இயக்குநர் குழு தலைமை அதிகாரியை நீக்க ஓட்டுப் போட்டது. அவரோ நகரவில்லை. முத்திரை அவரிடம், சட்டப் பிரதிநிதியும் அவரே. பங்குதாரர்களில் பெரிய பெயர்கள் இருந்தும் அவரை இறக்கிப் புதியவர்களைப் பதிவு செய்ய 2022 வரை ஆயிற்று. ஹாங்காங்கிலோ சென்னையிலோ குழுத் தீர்மானமும் பதிவாளரிடம் ஒரு படிவமும் செய்யும் வேலை அது.

ஹாங்காங் முதலாளி பெருநிலத்தில் கம்பெனி தொடங்கினால் சொந்த நாட்டுக்காரர் என்று நடத்துவார்கள் என நினைக்க வேண்டாம். வெளிநாட்டு முதலீட்டு விதிகளைத்தான் பெரும்பாலும் அவர் மீதும் பொருத்துவார்கள். இதில் சலுகை தருவதற்காகத்தான் 2003-இல் பெருநிலமும் ஹாங்காங்கும் ஒரு பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தமே போட்டுக்கொண்டன.

நீதிமன்றம்: கடைசி வார்த்தை யாருடையது

வழக்கின் தீர்ப்பு ஹாங்காங்கில் முடிகிறது, ஆனால் அடிப்படைச் சட்டத்தின் பொருளைப் பெய்ஜிங் சொல்லும் என்று பார்த்தோம். பெரும்பாலான வணிக வழக்குகளில் இந்த இரண்டும் மோதுவதே இல்லை. சரக்கு மோசம், பணம் வரவில்லை, பங்குதாரர் ஏமாற்றினார் என்ற வழக்குகளில் அடிப்படைச் சட்டத்துக்கு வேலை இல்லை. மோதினால் என்ன ஆகும் என்பதற்கு 2011-இல் ஒரு வழக்கு கிடைத்தது. அரசியல் பரபரப்பு எதுவும் இல்லாத, சுத்தமான கடன் வசூல் வழக்கு என்பதால்தான் அது முக்கியம்.

காங்கோ ஜனநாயகக் குடியரசு ஒரு யூகோஸ்லாவிய நிறுவனத்துக்குப் பாக்கி வைத்திருந்தது. நடுவர் மன்றம் (நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டு தகராறைக் கொண்டுபோகும் இடம்) நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புத் தந்தது. அந்தக் கடனை எஃப்ஜி ஹெமிஸ்பியர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் விலைக்கு வாங்கியது. அதே சமயம், சீன ரயில்வே கட்டுமானக் குழுமம் ஒன்று சுரங்க ஒப்பந்தத்துக்காகக் காங்கோவுக்கு ஒரு பெரும் தொகை தரவிருந்தது. அதன் கம்பெனிகள் ஹாங்காங்கில் இருந்தன. அந்தப் பணத்தை எங்களுக்குத் திருப்பிவிடுங்கள் என்று ஹாங்காங் நீதிமன்றத்துக்குப் போனது அமெரிக்க நிறுவனம்.

கேள்வி ஒன்றுதான். ஒரு வெளிநாட்டு அரசு வியாபாரத்தில் இறங்கினால் அதன் மீது வழக்குப் போடலாமா? பொதுச் சட்ட நாடுகள் போடலாம் என்றன. அரசு என்றால் எந்த வழக்குமே கூடாது என்பது அன்று சீனாவின் நிலை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் பொதுச் சட்டப் பக்கம் நின்றது. இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 ஜூனில், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், வெளியுறவு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பெய்ஜிங்கிடம் பொருள் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தது. ஆகஸ்டில் விடை வந்தது: சீனாவின் நிலைதான் ஹாங்காங்குக்கும். அமெரிக்க நிறுவனம் தோற்றது.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. சீனாவே பின்னர் மனம் மாறி, வெளிநாட்டு அரசின் வணிக நடவடிக்கை மீது வழக்குப் போட வழிவிடும் சட்டத்தை 2024 ஜனவரி 1 முதல் அமலாக்கியது. 2010-இல் ஹாங்காங் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன் பக்கமாகத் தாய்நாடு கிட்டத்தட்ட 14 ஆண்டு கழித்து வந்து சேர்ந்திருக்கிறது.

2020 ஜூன் 30 இரவு வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம், 18-ஆம் பிரிவின் வழியாக மூன்றாம் இணைப்பில் நுழைந்தது. 2024 மார்ச்சில் உள்ளூர் சட்டமன்றம் இன்னொரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதில் "அரசு ரகசியம்" என்பதற்குள் பொருளாதாரத் தகவலும் அடங்கலாம் என்பதால் ஆய்வு நிறுவனங்களும் கணக்குத் தணிக்கையாளர்களும் யோசிக்க ஆரம்பித்தார்கள். 2024 ஜூனில் இரண்டு பிரிட்டிஷ் நீதிபதிகள் இறுதி நீதிமன்றத்திலிருந்து விலகினார்கள். அதனால் வணிக வழக்குகளின் தரம் விழுந்துவிட்டது என்று சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள் என்பது என் கணிப்பு. ஆனால் அரசும் வணிகமும் உரசும் இடத்தில் கடைசி வார்த்தை யாருடையது என்பதைக் காங்கோ வழக்கே சொல்லிவிட்டது. 2020 வரை காத்திருந்து அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை.

ஒரே நாடு ஆனதால் வந்த தலைவலி

ஒன்று சேர்ந்தால் எல்லாம் எளிதாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1997-இல் நடந்தது நேர்மாறு. அதுவரை ஹாங்காங் நடுவர் தீர்ப்பு, நாடுகள் ஒன்றின் நடுவர் தீர்ப்பை மற்றொன்று நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்பாட்டின்படி ஒரு வெளிநாட்டுத் தீர்ப்பு, சீனா அதை நிறைவேற்றியாக வேண்டும். ஜூலை 1-க்குப் பிறகு ஹாங்காங் வெளிநாடு இல்லை, எனவே உடன்பாடு பொருந்தாது. சீனாவின் உள்நாட்டுச் சட்டத்திலும் ஹாங்காங் தீர்ப்புக்கு இடமில்லை. இரண்டும் கெட்டான் நிலை. 1999-இல் தனி ஏற்பாடு ஒன்றில் கையெழுத்திட்டு, 2000-இல் அது அமலுக்கு வரும் வரை இந்த ஓட்டை அடைபடவில்லை.

நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இன்னும் தாமதம். பெரும்பாலான சிவில், வணிகத் தீர்ப்புகளை ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும் முழுமையான ஏற்பாடு 2024 ஜனவரி 29-இல்தான் அமலுக்கு வந்தது. அப்புறம் 2019 அக்டோபரில் வந்த இன்னொரு வசதி: ஹாங்காங்கில் நடுவர் வழக்கு நடக்கும்போதே, பெருநிலத்தில் இருக்கும் எதிராளியின் வங்கிக் கணக்கை முடக்கும்படி அங்குள்ள நீதிமன்றத்திடம் கேட்கலாம். ஒப்பந்தத்தில் நடுவர் மன்றத்தின் இடம் ஹாங்காங் என்று எழுதச் சொல்லி வழக்கறிஞர்கள் வற்புறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள்

ஹாங்காங் தனியா இல்லையா என்பதைப் பெய்ஜிங் மட்டும் முடிவு செய்வதில்லை. அமெரிக்கா 1992-இல் ஒரு சட்டம் போட்டு, கைமாறிய பிறகும் வர்த்தகத்தில் ஹாங்காங்கைத் தனியாகவே நடத்துவோம் என்றது. 2020 ஜூலை 14 அன்று அதிபரின் ஆணை அந்தச் சலுகையை எடுத்தது. ஹாங்காங் தயாரிப்புகள் மேல் "சீனா" என்று குறிக்க வேண்டும் என்றார்கள். ஹாங்காங் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் 2022 டிசம்பரில் ஜெயித்தது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. 2025-இன் கூடுதல் வரிகள் ஹாங்காங்கையும் சேர்த்துப் பிடித்தது இந்த வழியில்தான். ஹாங்காங்கின் சுங்க விதி ஒன்று கூட மாறவில்லை, எதிர்ப்பக்கம் பார்க்கும் பார்வை மாறியது, பார்சல் நின்றது.

இந்தியாவின் பார்வை துறைக்குத் துறை வேறு. வருமான வரிக்கு இரண்டும் தனி: சீனாவோடு பழைய ஒப்பந்தம், ஹாங்காங்கோடு 2018-இல் வேறொன்று. விசாவுக்கும் தனி: இந்தியர்கள் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு ஹாங்காங்கில் 14 நாள் தங்கலாம், ஷென்ஜென் போக சீன விசா வேண்டும். 2020 ஏப்ரலில் எல்லை நாடுகளின் முதலீட்டுக்கு அரசு அனுமதி கட்டாயம் என்று இந்தியா விதித்தபோது மட்டும், ஹாங்காங் வழியாக வரும் பணத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்று தோண்டிப் பார்த்தார்கள்.

ரிச்சி தெரு இன்வாய்ஸ்

சரி, பவர் பேங்க் வியாபாரிக்கு வருவோம். வந்த சரக்கில் பாதி பழுது என்று வைத்துக்கொள்வோம்.

1. சென்னைத் துறைமுகச் சுங்கம் இன்வாய்ஸில் இருக்கும் ஊரைப் பார்க்காது, பொருள் எங்கே உற்பத்தியானது என்று பார்க்கும். சீனப் பொருளுக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி (மிகக் குறைந்த விலையில் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி) இருந்தால், ஹாங்காங் பெயரைக் காட்டித் தப்ப முடியாது.
2. அவருடைய ஒப்பந்தம் இன்வாய்ஸ் கொடுத்த ஹாங்காங் கம்பெனியோடு. தயாரித்த ஷென்ஜென் தொழிற்சாலை சட்டப்படி மூன்றாம் ஆள். தொழிற்சாலையில் தேநீர் கொடுத்து உபசரித்தவரும் ஹாங்காங் கம்பெனியின் முதலாளியும் ஒரே ஆளாக இருக்கலாம். அது தனியாக நிரூபிக்க வேண்டிய விஷயம்.
3. அந்த ஹாங்காங் கம்பெனி ஒரு டாலர் முதலோடு தொடங்கியதாக இருக்கலாம். வழக்கில் ஜெயித்தாலும் பிடிக்கச் சொத்து இருக்காது. கம்பெனிப் பதிவகத்தின் இணையதளத்தில் கொஞ்சம் கட்டணம் கட்டினால் இயக்குநர் யார், முதல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். முன்பணம் அனுப்பும் முன் இதைப் பார்ப்பவர்கள் குறைவு.
4. சிவில் நடைமுறைச் சட்டம் 44-ஏ பிரிவின்படி ஹாங்காங் மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்பை இந்தியாவில் நேரடியாக நிறைவேற்றலாம். ஹாங்காங்கும் தன் பட்டியலில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூரை வைத்திருக்கிறது. பெருநிலச் சீனாவோடு இந்தியாவுக்கு அப்படி ஏற்பாடு இல்லை.
5. நடுவர் தீர்ப்பு என்றால் இன்னும் வசதி. 2012 முதல் சீனாவையும் ஹாங்காங்கையும் இந்தியா இதற்காக அறிவிக்கை செய்திருக்கிறது.

ஆகவே அவர் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு: ஒப்பந்தத்தில் தொழிற்சாலையும் ஒரு தரப்பாக, அதன் சிவப்பு முத்திரையோடு, தகராறுக்கு ஹாங்காங் நடுவர் மன்றம். ஒன்றை மட்டும் வாங்கினால் பாதிக் கிணறுதான்.

2047

50 ஆண்டு வாக்குறுதி 2047-இல் முடிகிறது. ஹாங்காங்கில் ஒரு தேவாலய நிலம் தவிர மற்ற எல்லாமே அரசுக் குத்தகை நிலம். அதில் பெரும்பங்கு, குறிப்பாகப் புதிய பிரதேசங்களில், 2047 ஜூன் 30-இல் காலாவதியாகிறது. முப்பது ஆண்டு வீட்டுக் கடன் தருகிற வங்கி இந்தத் தேதியை எப்போதோ தாண்டிவிட்டது. அடிப்படைச் சட்டமோ 50 ஆண்டு மாறாது என்று சொல்கிறதே தவிர, அதற்குப் பிறகு மாறும் என்று சொல்லவில்லை. 2022 ஜூலையில் ஷி ஜின்பிங் ஹாங்காங் வந்து, இந்த முறையை மாற்றக் காரணமே இல்லை, நீண்ட காலம் தொடர வேண்டும் என்று பேசினார். பேச்சை வங்கிகள் அடமானமாக எடுத்துக்கொள்வதில்லை. 2024 ஜூலை 5 முதல் அமலில் இருக்கும் சட்டத்தின்படி, பொதுவான குத்தகைகள் காலாவதியாகும்போது, விலக்குப் பட்டியலில் இல்லாதவை, கூடுதல் பிரீமியம் இல்லாமல் தாமாகவே 50 ஆண்டு நீள்கின்றன. ஆண்டு நிலவாடகை மட்டும் கட்ட வேண்டும். நிலத்தைப் பொறுத்தவரை கணக்கு 2097 வரை ஓடுகிறது. நீதிமன்றத்துக்கும் நாணயத்துக்கும் அப்படித் தேதி போட்ட சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.